லில்லிக் கிழங்கும் காணி உறுதியும்

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ். வெளியே மாரிமழை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“காணி உறுதிப் பத்திரத்தை வெளியில எடுத்துப் போட்டிட்டுத்தான் லில்லிக் கிழங்கை வைச்சனான்” என்றார் ஜன்னலோரத்தில் இருந்தவர்.

மற்றவர் திரும்பிப் பார்த்தார். “எதுக்குள்ள, அக்கா?”

“வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுறதுக்கு வைச்சிருக்கிற பைக்குள்ள. மாரி முழுக்க அந்தக் கிழங்கு காய்ஞ்சபடி நித்திரை கொள்ளவேணும். ஈரம் பட்டால் அழுகிப்போகும். எங்கட வீட்டில தண்ணி போகாத இடம் அந்தப் பை ஒண்டுதான்.”

“அண்ணை ஒண்டும் சொல்லேல்லையோ?”

“போன கிழமை வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில போய் இருந்தனாங்கள். அங்க வைச்சுத்தான் என்ர மனுசன் பையைத் திறந்தவர். அதுக்குப் பிறகு என்னோட கதை பேச்சு இல்லை.”

“அப்ப உறுதி?”

“அலுமாரியோட நனைஞ்சு கூழாப் போச்சு.”

“ஐயோ அக்கா!”

“ஏன் ஐயோ? சண்டைக்குள்ள ஊரைவிட்டு ஓடேக்கையும் உறுதி துலைஞ்சதுதானே. அரசாங்கக் கந்தோருக்கு அலைஞ்சு திருப்பி எடுத்தனாங்கள். இதையும் எடுக்கலாம். அண்டைக்கு வீட்டு முத்தத்தில விட்டிட்டு ஓடின லில்லியை நான் எந்தக் கந்தோரில போய்க் கேக்கிறது?”