மிதிக்காமல் பாய்ந்த லாரி

எனக்கு வயது நாற்பத்தொன்று. பெயரும் முகவரியும் மேலே எழுதியிருப்பது சரி. கனரக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சொந்தக் கடை இருக்கிறது. லாரியை ஓட்டி இப்போது காவலில் இருப்பவர் என் கணவரின் தம்பி. சொந்தக்காரி என்பதால் சாதகமாகப் பேசுவேன் என்று நினைப்பவர்கள் கடைசிவரை கேட்கட்டும்.

சம்பவத்தன்று நான் அங்கே இல்லை. கிடங்கில் லாரியை மெதுவாக நகர்த்தும்போது அது தானாகப் பாய்ந்ததாகவும், சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் சுமை தூக்குபவர் ஒருவர் சிக்கியதாகவும் தெரிந்துகொண்டேன். அவருடைய ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே இல்லை என்று கொழுந்தன் சொன்னதை யாரும் நம்பவில்லை. வண்டியைச் சோதித்த அதிகாரி, எச்சரிக்கை லைட் எரியவில்லை, ஆகவே பழுது இல்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் தொழிலிலும் பாதிப் பேர் இப்படித்தான். லைட் அணைந்தால் வண்டி குணமாகிவிட்டது என்று கைகழுவிவிடுவார்கள்.

என் கணவர் அந்த லாரி முதலாளியின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். தம்பிதான் தடுமாறி மிதித்திருப்பான் என்று அவரே வீட்டில் சொன்னது எனக்கு உறுத்தியது. கூடப்பிறந்தவனை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பவர் அல்ல அவர். வண்டியைப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன் என்றதும், பெடலை மட்டும் பார்ப்பாயா, கேபினுக்கு அடியில் போயும் பார்ப்பாயா என்று சாப்பாட்டுக்கு நடுவில் துருவித் துருவிக் கேட்டார். அதன் பிறகு உதவிக்கு வருகிறேன் என்று கூடவே கிளம்பிவிட்டார்.

காவல் நிலைய வளாகத்தில் ஆய்வாளர் முன்னிலையில் சோதித்தேன். பெடலிலிருந்து என்ஜின் கம்ப்யூட்டருக்கு இரண்டு கம்பிகளில் இரண்டு சிக்னல் போகும். இரண்டாவது, முதலாவதில் பாதி. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும்; உடனே லைட் எரிந்து என்ஜின் வேகம் அடங்கிவிடும். நான் பெடலைத் தொடாமல் ஒயர்க் கொத்தை மட்டும் ஆட்டினேன். மீட்டரில் இரண்டு சிக்னலும் சேர்ந்தே ஏறின, இம்மி பிசகாமல் சரிபாதியாக. இரட்டைப் பிள்ளைகள்கூட அவ்வளவு ஒற்றுமையாக இருக்க மாட்டார்கள். சந்தேகப்பட்டு இரண்டாவது கம்பியைப் பெடல் பக்கம் கழற்றிவிட்டேன். அதன் பிறகும் கம்ப்யூட்டர் பக்கம் அந்தச் சிக்னல் வந்துகொண்டே இருந்தது.

பெடலை மாற்றினால் போதும், மற்றதை ஏன் கிளறுகிறாய் என்றார் கணவர். டார்ச் அவர் கையில் இருந்தது. நான் கேபினுக்கு அடியில் தேடிய இடத்தில் மட்டும் வெளிச்சம் நிற்கவே இல்லை. டார்ச்சை ஆய்வாளரிடம் கொடுக்கச் சொன்னேன்.

அதன் பிறகு ஒயர்க் கொத்துக்குள் டேப் சுற்றிய ஓர் இடம் தெரிந்தது. பிரித்தால், முதல் கம்பியிலிருந்தே, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இரண்டு வைத்துப் பாதி அளவைப் பிரித்து, அதையே இரண்டாவது சிக்னலாக அனுப்பியிருந்தார்கள். பக்கத்தில் எர்த் கம்பி பச்சை பூத்து அரித்திருந்தது. அதனால்தான் மிதிக்காமலே சிக்னல் ஏறியிருக்கிறது. காட்டிக்கொடுக்க வேண்டியதை ஊமையாக்கிவிட்டதால் லைட் எரியவில்லை. கொழுந்தன் சொன்னது உண்மை.

டேப் சூட்டில் பிரியாமல் இருக்க மெழுகு நூலால் இரட்டை முடிச்சுப் போட்டு, நூலின் நுனியை உள்ளே செருகியிருந்தது. எங்கள் வீட்டு மிக்ஸி ஒயரிலும் இஸ்திரிப் பெட்டி ஒயரிலும் என் கணவர் போட்டிருப்பது இதே முடிச்சுதான்.

இது யார் வேலை என்று கண்டுபிடிக்க முடியுமா என்று ஆய்வாளர் கேட்டார். கணவர் என் பக்கத்தில் குனிந்து, "வீட்ல போய் பேசிக்கலாம்" என்றார்.

"பேசறதுக்கு உங்க தம்பி வீட்ல இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்து ஆய்வாளரிடம் முடிச்சைக் காட்டி, அந்த வேலையைச் செய்தவர் என் கணவர்தான் என்று சொன்னேன். கணவர் மறுக்கவில்லை. லைட் அடிக்கடி எரிந்து வண்டி நின்றுபோகிறது என்று முதலாளி நெருக்கினார், லைட்டை அணைக்க மட்டும்தான் செய்தேன் என்றார்.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எழுதியவர் இரக்கப்பட்டோ என்னவோ, "அந்த வேலையைச் செய்தவர் என் கணவராக இருக்கலாம்" என்று எழுதியிருந்தார். "இருக்கலாம்" என்பதை அடித்துவிட்டு "என் கணவர்தான்" என்று மாற்றச் சொன்னேன். மாற்றிய இடத்திலும் கீழேயும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)