பதினேழாவது பேட்சும் ஒரு நீலச் சட்டையும்

— …சரி, டிரம் மூடியைத் திறந்தீங்க. அதுக்கப்புறம்?

— மூடினேன், அண்ணி.

— திறந்ததுக்கும் மூடினதுக்கும் நடுவுல, தம்பி.

— உள்ளே பார்த்தேன். சாறு இருந்துச்சு.

— எட்டு மாசமா இதையே சொல்றீங்க.

— எட்டு மாசமா நீங்களும் இதையேதான் கேக்குறீங்க. கொழுந்தனுக்கு ஆய்வுக்கூடத்துல வேலை வாங்கிக் குடுத்தீங்கன்னு சந்தோஷப்பட்டேன். விசாரணைக் கைதியாச் சேர்த்திருக்கீங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

— நாளைக்குப் பத்து மணிக்குக் கமிட்டி வருது. முப்பது பேட்ச்ல பதினேழாவதுல மட்டும் எப்படி மூணு மடங்கு எரிபொருள் வந்துச்சுன்னு கேப்பாங்க. பதில் இல்லேன்னா தொட்டியைக் கழட்டி அடுத்த பிரிவுக்குக் குடுத்துடுவாங்க. தொட்டி போனா, தொட்டி பார்க்கிற ஆளும் வேண்டாம்.

— அது நான்.

— அது நீங்க.

— இப்போ ஓடுற முப்பத்தொண்ணு?

— நம்ம பாக்டீரியாங்க ரெண்டு நாள் நல்லாத் தின்னாங்க. இன்னைக்குக் காலையில செத்துட்டாங்க. சோளத்தட்டையை அமிலத்துல வேகவெச்சா, அவங்க தின்னு எரிபொருளாக்குற சர்க்கரை மட்டுமா சாறுல இறங்குது? பாக்டீரியாவுக்கு ஆகாத கசடும் கூடவே இறங்குது.

— பாவம். சாப்பாடு போட்டே கொல்றோம்.

— என் சமையலைப் பத்தி உங்க அண்ணனும் அதையேதான் சொல்றார்.

— வேணும்னா… அந்த நீலச் சட்டையை மறுபடி போட்டுட்டு வரட்டுமா?

— அதை ஞாபகப்படுத்தாதீங்க. நுண்ணுயிரியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவ, பதினேழாவதுல நீங்க போட்டிருந்த சட்டைன்னு இருபத்திநாலாவதுக்கும் அதையே போட்டுட்டு வரச் சொன்னேன் பாருங்க…

— துவைக்காம வேற வரச் சொன்னீங்க.

— சோதனைன்னா எதையும் மாத்தக் கூடாது இல்ல.

— பஸ்ல என் பக்கத்துல ஒருத்தர்கூட உட்காரலை.

— பாக்டீரியாவும் மதிக்கலை. விடுங்க.

— அண்ணி… தொட்டி போறது நிச்சயமா?

— நிச்சயம்.

— அப்போ ஒண்ணு சொல்லணும். அண்ணனுக்குத் தெரியக் கூடாது.

— சொல்லுங்க.

— சாறு ஆறவெச்ச டிரம்முக்கு மேல, நாத்தம் போகட்டும்னு ஒரு கரிப்பையைத் தொங்கவிட்டிருந்தீங்களே…

— ம்.

— பதினேழாவது பேட்சுக்குச் சாறு ஆறவெச்ச அன்னைக்குச் சாயங்காலம், மூடியைத் தூக்கும்போது தோள்ல பட்டு உள்ளே விழுந்துடுச்சு.

— எடுக்கலையா?

— கையை விட்டா சாறு கெட்டுடும்னு நீங்கதானே மிரட்டி வெச்சிருக்கீங்க. காலையில இடுக்கி கொண்டுவந்து எடுத்துக்கலாம்னு மூடிட்டுப் போயிட்டேன். வந்து பார்த்தா… பையைக் காணோம்.

— எங்கே போயிருக்கும்னு நினைச்சீங்க?

— கரைஞ்சுபோச்சுன்னு.

— கரியா?

— அமிலம்னு சொன்னீங்களே.

— சரி. துணிப்பை?

— பாக்டீரியா தின்னிருக்கும்னு…

— கட்டியிருந்த கயிறு?

— அதையும்தான். நல்ல பசி போலிருக்குன்னு நினைச்சேன்.

— பாக்டீரியாவை மறுநாள்தானே தம்பி சாறுல விட்டோம்.

— அது எனக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் உறைச்சுது. அதுக்குள்ள நீங்க என்னைப் பத்தி எல்லார்கிட்டயும் நல்லபடியாச் சொல்லிட்டீங்க. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வந்து சொல்றது?

— ராத்திரி முழுக்கக் கரி அந்தக் கசடை உறிஞ்சிருக்கு.

— அப்போ… அதுதான் காரணமா? மூணு மடங்குக்கு?

— அதுவாத்தான் இருக்கணும்.

— இருங்க அண்ணி. உங்களுக்கு இவ்வளவு தெரியுது. சூட்டை மாத்திப் பார்த்தீங்க, தட்டையை மாத்திப் பார்த்தீங்க, என் சட்டையைக்கூட விடலை. கரியை மட்டும் ஏன் ஒரு தடவை போட்டுப் பார்க்கலை?

— போட்டுப் பார்த்தா, ஏன் போட்டேன்னு எழுதணும், தம்பி. அன்னைக்குக் காலையில உங்களுக்கு முன்னாடி வந்து, இடுக்கியால அந்தப் பையை எடுத்தது நான்தான். நான் போட்ட முடிச்சு அவிழ்ந்துதான் விழுந்துடுச்சுன்னு நினைச்சேன். வேற ஏதாவது காரணம் கிடைச்சுடாதான்னுதான் எட்டு மாசமா உங்களைப் போட்டுக் குடைஞ்சேன். பையைக் குப்பையில போட்டுட்டு, 'சாற்றில் வேறு எதுவும் கலக்கவில்லை'ன்னு அறிக்கை எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு உங்களைக் கூப்பிட்டேன். நீங்க ஒரு வார்த்தை கேக்காமப் போட்டீங்க. எவ்வளவு நம்பிக்கை பாருங்கன்னு அன்னைக்கு உங்க அண்ணன்கிட்ட பெருமையாச் சொன்னேன்.