சுந்தரி வாங்கி வந்த மாத்திரை

— அலர்ஜின்னு பேராம்மா. நவரை அறுப்பு வந்தா களத்துத் தூசு மூக்குல ஏறுதில்ல, அது என் ஒடம்புக்கு ஒத்துக்கலியாம். அதான் தும்மலு, கண்ணெரிச்சலு, படுத்தா இளுப்பு.

— இத்தினி காலமா நெல்லு தூத்தினவளுங்க எல்லாம் தும்மிக்கினா கெடந்தாளுங்க? சரி, டாக்டரு இன்னா குட்தாரு, அத்தச் சொல்லு சுந்தரி.

— மாத்திர. பத்து நாளைக்கு. நேத்து ஆஸ்பத்திரிலயே ஒன்னு போட்டுக்கினேன். ஏழு வருசமா சித்திர மாசத்துல செவுத்துல சாஞ்சு குந்திக்கினேதான் எனக்கு விடியும். நேத்துதான் மனுசியாட்டம் படுத்துத் தூங்கினேன்.

— அப்போ நல்லா கேக்குதுன்னு சொல்லு.

— கேக்குதும்மா. போன வருசம் ஒங்க வூட்டு ஆண்டகிட்ட ஆஸ்பத்திரி போவணும்னு கேட்டதுக்கு, தும்முறதுக்கெல்லாம் லீவான்னு களத்துல அத்தினி பேரு முன்னாடியும் சிரிச்சாரு. நீங்கதான் போய் காட்டிட்டு வாடின்னு அரநாளு வுட்டீங்க. ஒங்களுக்காக நேத்து ஜெபம் பண்ணேன்.

— மாத்திர எங்க கீது?

— இதோ, முந்தானைல முடிஞ்சு வெச்சிக்கீறேன்.

— எல்லாத்தையும் எடுத்து அந்த மொறத்துல வை.

— எதுக்கும்மா?

— எம் பொண்ணு பாஞ்சாலிக்கு. வெயிலு பொறந்தா அவளுக்கும் இதே தும்மலு, இதே இளுப்பு. ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்கு ஓரிக்கையிலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க. நான் அவள ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா, வூடு திரும்பறதுக்குள்ள இளுப்புக்காரின்னு பேரு ஓரிக்க போய் சேந்துடும். நீ போனா யாரு கேக்கப் போறா?

— அதுக்குத்தான் என்ன அனுப்பினீங்களா?

— பின்ன எதுக்குன்னு நெனச்ச?

— ஏழு மாத்திர பாப்பாவுக்கு எடுத்துக்கோங்க. ரெண்ட எனக்கு வுடுங்கம்மா. நாளைக்குத் தூத்துற மொற என்னுது. இது இல்லாம களத்துப் பக்கமே போவாதன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு.

— கண்ணாலம் முடியற வரைக்கும் அவளுக்கு வேணும்டி. ஒனக்கு வேணும்னா அறுப்பு முடிஞ்சு போய் வாங்கிக்கோ.

— அறுப்பு முடிஞ்சா எனக்கு எதுக்கும்மா அது?

— அழுவாத. நாளைக்கு நீ களத்துக்குப் போவ வேணாம். அவருகிட்ட நானே சொல்லிட்டேன்.

— நெசமாவா? அது போதும்மா. தூசு படலன்னா எனக்கு மாத்திரகூட வேணாம், பாப்பாவே போட்டுக்கட்டும். அந்த இளுப்பு இன்னா பாடு படுத்தும்னு எனக்குத் தெரியும். நல்ல எடத்துல வாக்கப்படட்டும்.

— காலைலயே இங்க வந்துடு. பின்னால மாட்டுக்கொட்டாய்ல குந்திக்கினு தவுடு சலி.

— தவுடா? களத்தவிட அது மோசமாச்சே. ஒரு கை அள்ளினாலே எனக்குத் தும்மலு நிக்காதும்மா.

— தெரியும். மாத்திரைக்கும் அடங்காம எம் பொண்ணு உள்ள தும்மிட்டா, அது வேலக்காரி தும்முறான்னு நான் சொல்லணும். அவங்க கெளம்பற வரைக்கும் ஒந்தும்மலு கூடத்துக்குக் கேட்டுக்கினே இருக்கணும்.