ஊசிமலைக்குச் சபையை அழைத்துச் சென்ற செயலாளர் பூரணி நல்லமுத்து அவர்களுக்கு

மலைமுகட்டில் மஞ்சு தவழும் மாட்சிமிகு மண்ணில் பிறந்து, மழைக்கும் வெயிலுக்கும் மாறாத மனத்தோடு மக்கள் பணி ஆற்றி, கெலியவத்தைப் பிரதேச சபையின் செயலாளராக இன்று பணி நிறைவு காணும் எங்கள் பெருமைக்குரியவரே! கோப்புகளுக்குள் குடியிருக்க மறுத்துக் குடிகளின் வாசல் தேடி நடந்த குணக்குன்றே! அதட்டினாலும் அன்பு குறையாத, அன்பு காட்டினாலும் அதட்டல் குறையாத அம்மையே! தங்களுக்கு எங்கள் பணிவார்ந்த வணக்கம்.

புகழ்மொழி நீண்டால் தாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள் என்பதைப் பல விழாக்களில் கண்டவர்கள் நாங்கள். ஆகவே அடைமொழிகளை இத்துடன் நிறுத்தி, நடந்ததை நடந்தபடியே அவையோருக்குச் சொல்லப் போகிறோம். தங்கள் கதையைத் தங்களிடமே சொல்வது அழகன்று என்பதால், இனிவரும் வரிகளில் தாங்கள் எங்களுக்கு ‘அவர்’. பொறுத்தருள வேண்டும்.

அவையோரே! பூரணி அம்மையார் பிறந்தது ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். எங்கள் சபை தொடங்கிய சில ஆண்டுகளில் தட்டெழுத்தாளராக உள்ளே வந்தார். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் அவர் விரலில் ஓடின. சபையின் தீர்மானங்கள் எல்லாம் அவர் கையால்தான் எழுத்தாயின. இந்தக் கிராமத்துக்கு வீதி, அந்தக் கிராமத்துக்கு வாசிகசாலை, சந்திக்கு விளக்கு என்று அடித்துக்கொண்டே போவார். ஊசிமலை என்ற பெயரை மட்டும் அவர் ஒருநாளும் அடிக்க நேர்ந்ததில்லை.

காரணம் எளிது. கிராமங்களுக்கு வெள்ளையர் காலத்திலேயே கிராம சபை வந்துவிட்டது. தோட்டங்களுக்கு வரவில்லை, தோட்டத்துக்கு அதன் நிர்வாகியான துரையே அரசு. பறிபோன குடியுரிமை பின்னாளில் மீண்டும் கிடைத்து, வாக்குச்சீட்டு கைக்கு வந்த பிறகும், தோட்டக் காணிக்குள் சபையின் செலவில் ஒரு கல்லைப் புரட்டவும் அன்றைய சட்டம் இடங்கொடுக்கவில்லை. தோட்டத்தாருக்கு வாக்கு உண்டு; வடிகால் இல்லை. சபைக்கு உறுப்பினர்களை அனுப்பிய மக்கள், அந்தச் சபையின் வண்டி தங்கள் வாசலுக்கு வந்து பார்த்ததில்லை.

அவர் படிப்படியாக உயர்ந்து, தற்காலிகப் பொறுப்பில் பதில் செயலாளராக இருந்த ஓர் ஐப்பசி மாதம். ஒரு வாரம் விடாத மழை. மேற்பிரிவு லயத்துக்குப் பின்னால் மதகு அடைத்துக்கொண்டு, மேட்டில் தண்ணீர் குளமாக நிற்கிறது என்று காலையில் செய்தி வந்தது. தோட்டத்திடம் மண்வெட்டி தவிர வேறில்லை. சபையிடம் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இருந்தது, சட்டம் இல்லை. அம்மையார் குடையை எடுத்தார். பெக்கோ ஓட்டுநர் சுமனை அழைத்து, “வண்டிய எடுங்க. நானும் வர்றேன்” என்றார்.

தோட்டத்துக் கதவு சாத்தியிருந்தது. மேற்பார்வையாளரான கண்டாக்கு நனைந்தபடி குறுக்கே நின்றார்.

“துரை கொழும்புல இருக்காருங்க மிஸ். போன் எடுக்க மாட்டேங்குறாரு. உத்தரவு இல்லாம உள்ள விட்டா என் வேல போயிரும்.”

“நீங்க தடுத்தீங்கன்னு எழுதிக்கங்க. நான் மீறிப் போனேன்னு எழுதிக்கங்க. கையெழுத்து வேணும்னாலும் போட்டுத் தர்றேன். கதவ மட்டும் தொறங்க.”

கண்டாக்கு அவர் முகத்தைப் பார்த்தார். கதவு திறந்தது. அந்த மனிதருக்கும் இந்த மடலில் ஓர் இடம் உண்டு. அவரும் அன்று எதையோ இழக்கத் துணிந்துதான் திறந்தார்.

சுமன் மதகை வெட்டித் திறந்தார். நீர் சீறிக்கொண்டு ஓடையில் இறங்கியது. ஆனால் கடைசி லயத்துக்கு மேலே மண்ணில் ஒரு பிளவு நீண்டு கிடந்ததை அம்மையார் கண்டுவிட்டார். வீடு வீடாகக் கதவைத் தட்டி, எல்லோரையும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். போனார்கள். காளியாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்மணி மட்டும் அசையவில்லை.

“மாடு செனையா நிக்குது. அத வுட்டுட்டு நான் எங்குட்டு வர்றது? நீ போ புள்ள.”

“மாட்டையும் கூட்டிட்டுத்தான் போறோம். நீங்க முன்னால நடங்க அக்கா.”

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டுக்கயிற்றை அவிழ்த்து, சினைமாட்டைச் சேற்றில் இழுத்துக்கொண்டு போன காட்சியைச் சுமன் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்று யாரும் சிரிக்கவில்லை. பிற்பகலில் மேடு சரிந்து இறங்கியது. கடைசி லயம் இருந்த இடத்தில் மண்ணும் வேரும் உடைந்த தகரமும் கிடந்தன. மனிதர் ஒருவரும் சாகவில்லை. பள்ளிக்கூட வாசலில் காளியாயி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். மாணவர் அமரும் வாங்கு ஒன்றில் உட்கார்ந்த அம்மையார் நெடுநேரம் எழவில்லை.

பாராட்டு வரும் என்று நாங்கள் நினைத்தோம். வந்தது விசாரணை. சபையின் இயந்திரத்தை அதிகாரமின்றித் தனியார் காணிக்குள் கொண்டுபோனது குற்றம். விசாரித்த அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கையில் இருந்தது சட்டம்.

“அது சபைக்குரிய இடமில்ல. உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும் சார்.”

“அப்ப ஏன் போனீங்க?”

“எடம் சபைக்கு உரியதில்ல சார். ஆளுங்க சபைக்கு உரியவங்க. ஓட்டுக் கேக்கப் போறப்ப நம்ம எல்லைக்குள்ள இருக்குறவங்க, மண்ணு சரியுறப்ப மட்டும் எப்படி வெளியாளாப் போவாங்க?”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். தண்டனையை மாற்ற அவரால் முடியவில்லை. பதில் செயலாளர் பதவி போயிற்று. அடுத்த மாதமே, மேற்குக் கரையில் முத்துத்துறை என்னும் சின்னஞ்சிறு மீனவ ஊரின் சபைக்கு இடமாற்றம்.

வாழ்நாளெல்லாம் குளிரில் இருந்தவருக்கு அந்த வெக்கை பெருந்துன்பம். அதைவிடப் பெருந்துன்பம் ஒன்று அந்தச் சபை மண்டபத்தின் சுவரில் காத்திருந்தது: பழைய தலைவர்களின் பெயர்கள் பொறித்த ஒரு தேக்குப் பலகை. சபையின் அன்றைய தலைவரான தவிசாளர் பத்திநாதன் பெருமையோடு அதைக் காட்டினார்.

“எங்கட அப்பப்பா காலத்தில இது சுகாதாரச் சபை, மிஸ். அவையள்தான் மீன் வாடிக்குப் போற ஒழுங்கையைப் போட்டவை. பிறகு பட்டின சபை. அப்ப மீன் சந்தை. இந்த வெளிச்சக் கம்பமெல்லாம் எங்கட ஐயா தலைவரா இருக்கேக்க நட்டது. உங்கட ஊரில என்ன மாதிரி?”

வலை இழுக்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் தெரு ஒழுங்கையைத் தாங்களே போட்டு, தங்கள் விளக்கைத் தாங்களே ஏற்றி, தங்கள் பெயரைத் தங்கள் சுவரில் எழுதியிருந்தார்கள். அதே காலமெல்லாம் தம் ஊரில் மழைக்கு ஒழுகும் கூரைத் தகரத்துக்குக்கூடத் துரையின் பங்களா வாசலில் நிற்க வேண்டியிருந்ததை அம்மையார் எண்ணினார். பொறாமை பொங்கியது என்று அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். “நல்லவங்கதான் அவங்க. ஆனா அந்தப் பலகையப் பாக்குறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும்” என்பார். எரிந்த வயிற்றோடு அவர் சும்மா இருக்கவில்லை. சந்தை எப்படி நடக்கிறது, குப்பை எப்படி அள்ளப்படுகிறது, ஒரு தெருவுக்குப் பெயர் எப்படி வைக்கப்படுகிறது என்று பத்திநாதனைக் கேட்டுக் கேட்டுக் கற்றார். திரும்பிப் போவோம் என்ற நிச்சயம் எதுவும் அப்போது அவருக்கு இல்லை.

பிறகு ஒருநாள் தொலைபேசியில் சுமனின் குரல்.

“மிஸ்! சட்டத்த மாத்திட்டாங்களாம்! இனிமே பெக்கோவத் தோட்டத்துக்குள்ள கொண்டு போலாமாம்!”

அன்று மாலையே இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தார். விடைபெறும்போது பத்திநாதன் கருவாட்டுப் பொதி ஒன்றைக் கொடுத்து, “பலகைக்கு நல்ல தேக்கு வேணுமெண்டால் சொல்லுங்கோ, அனுப்பிவிடுறன்” என்றாராம்.

கெலியவத்தைக்குச் செயலாளராகவே அவர் திரும்பியபோது எல்லோரும் மாலையோடு நின்றோம் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படியில்லை. கிராமத்து உறுப்பினர் சிலர், “இருக்கிறதே எங்களுக்குப் போதவில்லை, தோட்டத்துக்கு எங்கே கொடுப்பது?” என்று எதிர்த்தார்கள். அம்மையார் வாதாடவில்லை. கூட்டத்தை ஒத்திவைத்து, எல்லோரையும் வேனில் ஏற்றி மேற்பிரிவுக்கு அழைத்துப்போய், சரிந்த மேட்டின் அடியில் இறக்கிவிட்டார். காளியாயி தேநீர் கொடுத்தார். உறுப்பினர்கள் குடித்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள். அடுத்த அமர்வில் ஊசிமலை வீதிக்கான தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. அந்தப் பெயரை எழுத்தாக்கும் வேலையை அவர் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

வீதி வந்தது. விளக்கு வந்தது. பிள்ளைகளுக்கு முன்பள்ளி வந்தது. மண்சரிவில் வீடிழந்தோருக்கு எழுந்த புதிய வீடுகளின் தெருக்களுக்குப் பெயரும், ஒவ்வொரு வாசலுக்கும் இலக்கமும் சபையே கொடுத்தது. இலக்கப் பலகையை ஆணியடித்தபோது காளியாயி விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

“லயத்துக்குத்தான் நம்பர் இருந்துச்சு. எனக்குன்னு இப்பத்தான் வந்திருக்கு.”

அந்த முகவரிக்கு வந்த முதல் தபால் மின்கட்டணப் பட்டியல். அதையும் அவர் அயலாரிடம் காட்டி மகிழ்ந்தார் என்பது ஊரறிந்த செய்தி.

அம்மையாரின் ஆட்சி இனிப்பு மட்டுமல்ல. ஒற்றுப்பிழை உள்ள கடிதத்தை அவர் கிழித்த வேகத்தை எங்களில் மறந்தவர் இலர். காலதாமதமாக வந்தவரை அவர் ஒன்றும் சொல்லமாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அஞ்சியே முந்திய பேருந்தைப் பிடித்தோம். ஆனால் எங்கள் ஒவ்வொருவர் வீட்டு நோய்க்கும் முதலில் வந்து நின்றவரும் அவரே.

சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொல்லி நிறைவு செய்கிறோம். ஊசிமலையிலிருந்து ஷாமிலா என்ற இளம்பெண் பத்துப் பதினைந்து பேரைத் திரட்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை. குரல் கூரையைத் தொட்டது.

“என்ன சபை நடத்துறீங்க நீங்க? நாங்க ஓட்டுப் போட்டுத்தான் இந்தச் சபை வந்துச்சு. இது எங்க சபை! இன்னிக்குள்ள ஆள அனுப்பலன்னா நாங்க இங்கேயே உக்காருவோம்!”

நாங்கள் பதறி எழுந்தோம். பொலிஸை அழைப்பதா என்று ஒருவர் கேட்டார். அம்மையார் கையமர்த்தினார். ஷாமிலாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்கார மறுத்தார். அம்மையார் அப்போதே ஆள் அனுப்பினார். மாலைக்குள் தண்ணீர் வந்தது. கூட்டம் கலைந்த பின் தம் அறைக்குள் போன அம்மையாரின் கண்கள் நிறைந்திருந்தன. திட்டு வாங்கியதால் மனம் நொந்தாரோ என்று தேநீரோடு போய் நின்றோம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“கேட்டீங்களா? ‘எங்க சபை’ன்னு சொல்லுது அந்தப் புள்ள! எங்க அப்பா அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல. சொல்லலாம்னே அவங்களுக்குத் தெரியாது.”

எங்கள் அன்புக்குரிய அம்மையே! இனித் தங்களை மீண்டும் ‘தாங்கள்’ என்றே அழைக்கிறோம். நோயணுகா உடலும் நொடியாத உள்ளமும் நிறைந்த நீண்ட ஆண்டுகளும் தங்களுக்கு வாய்க்கட்டும்! பேரப்பிள்ளைகளின் ஒற்றுப்பிழைகள் தங்கள் பொழுதை இனிதாக்கட்டும்! எங்கள் பணியில் குறை கண்டால் தயங்காமல் வாருங்கள். ஷாமிலாவைப் போல் உரக்கக் கேளுங்கள். நாற்காலி போடுவோம். உட்கார மறுத்தாலும் தண்ணீர் வரும்.

தங்களால் நிமிர்ந்து நிற்கும்,
கெலியவத்தைப் பிரதேச சபை உத்தியோகத்தர்களும் ஊழியர்களும்