மனுவில் எழுத ஒரு காரணம்

“காய்ச்சல்னு மட்டும் எழுதக்கூடாது. எழுதினா, உடம்பு லாயக்கில்லைன்னு ஒரேடியா அனுப்பிடுவாங்க.”

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையிலிருந்து மெட்ராஸ் போகும் பஸ்ஸில், முன் இருக்கைக்காரர் மனைவியிடம் சொன்னார். நான் செய்தித்தாளை விரித்திருந்தேன். ஒரு வரியும் படிக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு மாதம் பயிற்சிக்கு அழைக்கும் பட்டாளம் அவருடையது. இரண்டு தடவை போகாததால் பேரை அடித்துவிட்டார்களாம். மேல்முறையீட்டு மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

“அப்போ தபாலே வரலைன்னு எழுதுங்க.”

“நம்மூரு தபால்காரன் யாரு? உன் தம்பி. அவன் வேலை போயிடும்.”

“மல்லாட்டை புடுங்க ஆள் கிடைக்கலைன்னு?”

“பட்டாளத்துல போயி மல்லாட்டைக் கதையா?” நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர் அது.

பிறகு அந்த அம்மாள் மெல்லச் சொன்னார்.

“பொண்டாட்டி காலைக் கட்டிக்கிட்டு அழுதா, விடலைன்னு எழுதுங்க. நடந்தது அதானே? அதுல யாரு வேலையும் போவாது.”

அவர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

“சரி, எழுதறேன். மறுபடி சேர்த்துக்கிட்டா, இந்த வாட்டி அனுப்புவியா?”

கீழ்பென்னாத்தூர் தாண்டியும் அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.