ஓக் மரத்தில் ஓர் இரும்பாணி

ஓக் மரத்துக்கு இரும்பு ஆகாது, ஐயா. ஈரத்தோடு இரும்பு பட்டால் கறுத்துவிடும். நம் பக்கத்துத் தச்சர்களுக்கு இது தெரியாது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், திருத்தணிக்கு ஓக் எங்கே வருகிறது?

மலையடிவாரத்தில் புதுவீடு கட்டிய குருநாதன், வெளிநாட்டு மகன் சொன்னானென்று ஓக்கில் வாசற்கால் கேட்டார். உளி மழுங்கிப் போகும், அவ்வளவு கெட்டி. பித்தளைத் திருகாணிதான் போட்டேன். நாற்பது நாள் உழைப்பு.

நிறுத்திய மறுநாள் போய்ப் பார்த்தால், மஞ்சள் தண்ணீர் தெளித்து, திருஷ்டிக்காக மேற்கட்டையில் யாரோ இரும்பாணி அடித்திருக்கிறார்கள். ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆணியிலிருந்து மை கொட்டியதுபோல் கறுப்பு இறங்கியிருந்தது.

"வாசல்லே கரியைப் பூசிட்டியே. வேலை தெரியாதவன்கிட்டே குடுத்தது என் தப்பு" என்றார் குருநாதன், பத்துப் பேர் முன்னால். என் தங்கை பானுப்ரியாவின் புருஷன் டில்லிபாபு என்னிடம்தான் வேலை செய்கிறான். அவனும் பக்கத்தில் நின்றான். வாயைத் திறக்கவில்லை. வாசற்காலைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம்.

ஆடிக் கிருத்திகை அன்று பட்டறையில் நாங்கள் இரண்டே பேர். தெருவில் காவடியும் பம்பையும் காதைப் பிளந்தன. அமிலம் போட்டுத் தேய்த்துக் கறையை எடுத்துவிட்டேன். மனம் நிறைந்திருந்தது. அப்போதுதான் அவன் சொன்னான்.

"அந்த ஆணிய நான்தான் அட்ச்சேன் பாவா. அதான் கறை போயிட்ச்சே, இன்னும் மூஞ்சிய தூக்கிகினு இருந்தா எப்டி?"

சிரித்தான்.

கையில் கொட்டாப்புளி இருந்தது, உளியைத் தட்டும் மரச்சுத்தியல். மிச்ச ஓக் துண்டில் நானே செய்தது. எவ்வளவு அடித்தாலும் பிளக்காது. காதுக்கு மேலே ஓர் அடி. விழுந்தான்.

"பாவா, பானுவ கூப்புடு" என்றான்.

ரத்தம் வாசற்கால் பக்கம் ஓடியது. ரத்தத்தில் இரும்பு உண்டென்று பள்ளியில் படித்திருக்கிறேன். வாசற்காலைத் தூக்கிச் சுவரோரம் சாத்தி, துணியால் துடைத்தேன். தரையில் மரத்தூள் போட்டேன். அதற்குள் அவன் வாசல்வரை தவழ்ந்துவிட்டான். ஷட்டரை இறக்கினேன். பிறகு நான்கு அடி. கடைசி இரண்டும் விழுந்தபோது அவன் அசையவில்லை.

பானுப்ரியா போன் செய்தாள். மலைக்குப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்றேன். பாவம், ஆறு மாதம் அவளுக்கு.

கொன்றது நான்தான், ஐயா. மறுக்கவில்லை. கண்மண் தெரியாத ஆத்திரம், ஒரே ஒரு நொடி. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.