அறுபடாத முப்பத்தெட்டு நிமிடம்

12 நவம்பர், புதன். நேற்று மொத்தம் பத்துப் பயணம் என்று எழுதியது தவறு; ஒன்பதுதான். சிம் இல்லாத இரண்டு போன்கள்: ஒன்று திண்டிவனம் பஸ்ஸில் என் பையில், மற்றொன்று விக்கிரவாண்டி டோல்கேட்டில் வளன் கையில். பஸ் கடக்கும்போது எவ்வளவு நேரம் வைஃபையில் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன என்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். இன்று விழுப்புரத்தில் மாலை வகுப்பு விட்டதும் நாங்கள் பேசியது:

கலைப்பிரியா: …சார் எல்லார் எதிர்லயும் கேக்கறாரு, "வீட்ல உக்காந்து எழுதினியாம்மா"ன்னு.

வளன்: விடு பிரியா. சார் வாயி அப்படித்தான்.

கலைப்பிரியா: எதுக்கு விடணும்? கடைக்கு லீவு போட்டுட்டு ஒம்போது தடவ போயிருக்கேன். எட்டு தடவ இருவது செகண்டு. திங்கக்கெழம மட்டும் முப்பத்தெட்டு நிமிஷம். வந்தத எழுதினேன். அது பொய்யா?

வளன்: ஓடற பஸ்ஸுல அவ்ளோ நேரம் எப்படிப்பா புடிக்கும்? இருவதுன்னு மாத்திட்டுப் போயிக்கினே இரு.

கலைப்பிரியா: மாத்தினா சார் சொன்னது நெசமாயிடும்.

வளன்: ஆமா, அரிச்சந்திரன் பேத்தி.

கலைப்பிரியா: சிரிக்காத. வெள்ளிக்கெழமக்குள்ள காரணம் எழுதித் தரலன்னா இந்த வருஷம் சர்டிபிகேட் கெடையாதுன்னுட்டாரு.

வளன்: போன் கெட்டுப்போச்சுன்னு எழுதேன்.

கலைப்பிரியா: நானும் மொதல்ல போன் மேலதான் சந்தேகப்பட்டேன். மத்தியானம் பூரா ரெண்டு போனையும் சோதிச்சேன். நல்லாத்தான் இருக்குது… இங்க பாரு, போன்ல பதிவாயிருக்கறத. டோல்கேட்டுல புடிச்ச சிக்னலு, கூட்டேரிப்பட்டு தாண்டியும் அப்படியே இருக்குது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுலதான் அறுந்துது. ஒண்ணு நின்னு ஒண்ணு ஓடினா அறுந்துடும். ரெண்டும் சேந்து போனாத்தான் இப்படி வரும்.

வளன்: அன்னிக்கி பஸ்ஸுல ஒரே கூட்டம்…

கலைப்பிரியா: அது உனக்கு எப்படித் தெரியும்?

வளன்: பின்னாடி படியில ஏறினேன்.

கலைப்பிரியா: நிக்கச் சொன்ன எடத்துல நிக்காம எதுக்குடா ஏறின? சார் என்னப் பொய்க்காரின்றாரு, நீ பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கினு இருக்கே.

வளன்: திண்டிவனத்துல ஒரு இண்டர்வியூ. இன்டர்நெட் கம்பெனி… ஒரே ஒரு வேலதான். சொன்னா நீயும் அப்ளை பண்ணுவே. உனக்குத்தான் கெடைக்கும்.

கலைப்பிரியா: டிராக்டர் ஷோரூம் மாடியிலயா?

வளன்: ஆமா. நீ எப்படி…

கலைப்பிரியா: எனக்கு நாளைக்குப் பத்து மணிக்கு வரச்சொல்லியிருக்காங்க. எட்டு மணி பஸ்ஸுல போறேன். நீ டோல்கேட்டுல நில்லு. ஏறாத. திங்கக்கெழம எடுத்த அளவ மறுபடி எடுக்கணும்.